பிஎம்பி தேர்வு: வகுப்பா, வீடியோவா, கேள்வி வங்கியா?

2022 மார்ச்சில், திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வை முதல் முறை எழுதி ஃபெயில் ஆனேன். தேர்வு மையத்தில் கையில் கொடுத்த தாளிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. விவரமான அறிக்கை இரண்டு நாள் கழித்து என் கணக்கில் வந்தது. தேர்வின் மூன்று பகுதிகளில் 'செயல்முறை'யில் இலக்கை எட்டியிருந்தேன். 'வணிகச் சூழல்' இலக்குக்குக் கீழே. 'மக்கள்' பகுதி அதற்கும் கீழே, கடைசிப் படியில். பதினான்கு வருடமாக சிங்கப்பூரில் ஜூரோங்கிலும் துவாஸிலும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு ஆட்கள் விஷயத்தில்தான் மார்க் இல்லை. என் மனைவி அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தார்.

இரண்டாவது முறை தேறிவிட்டேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்: "அண்ணே, எந்த வகுப்பு நல்லது?" நான் பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்பேன். நீங்கள் சிங்கப்பூரரா, நிரந்தரவாசியா, வேலை அனுமதியில் இருப்பவரா? வயது 40 ஆகிவிட்டதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் உட்கார முடியும்? முதல் இரண்டும் காசைத் தீர்மானிக்கும். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் பொய்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு 1984 முதல் கொடுத்துவரும் சான்றிதழ் இது. நான் எழுதிய வடிவம் 2021 ஜனவரியில் வந்தது: 180 கேள்வி, 230 நிமிடம், நடுவில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை. மக்கள் 42 சதவீதம், செயல்முறை 50, வணிகச் சூழல் 8. ஏறக்குறைய பாதிக் கேள்விகள் ஆஜைல் முறையையோ (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்வது), அதையும் பழைய முறையையும் சேர்த்த கலப்பு முறையையோ சேர்ந்தவை. இந்தப் பங்கீட்டை பிஎம்ஐ சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றும். அதனால் எந்த வகுப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், அவர்கள் தளத்தில் அன்றைக்கு இருக்கும் தேர்வு உள்ளடக்க வரைவை இறக்கிப் படித்துவிடுங்கள். இலவசம்தான். முதல் முறை நான் அதைத் திறக்கவே இல்லை.

தகுதிக்கு வருவோம். நான் விண்ணப்பித்தபோது பட்டதாரி என்றால் கடந்த எட்டு வருடத்துக்குள் 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்டார்கள், டிப்ளமா என்றால் 60 மாதம். ஒரே மாதத்தில் இரண்டு திட்டத்தை இழுத்திருந்தாலும் கணக்கில் அது ஒரு மாதம்தான். அதோடு 35 மணி நேரம் திட்ட மேலாண்மை படித்ததற்குச் சான்று வேண்டும். குழப்பமெல்லாம் இந்த 35 மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. எங்கே வாங்குவது?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் வரும்: பிஎம்பியே வேண்டுமா? அனுபவம் இன்னும் சேராதவர்களுக்கு அதே பிஎம்ஐயின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் படிப்பு போதும், அனுபவம் கேட்பதில்லை. சிஏபிஎம் கையில் இருந்தால் பிறகு பிஎம்பிக்கு அந்த 35 மணி நேரச் சான்றும் தேவையில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு வருடத்தில் பிஎம்பிக்குத் தகுதி வந்துவிடும் என்றால் காத்திருப்பதே மேல் என்பது என் கட்சி. பிரிட்டிஷ் அரசாங்கத்தில் பிறந்த பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறையின் சான்றிதழ் வேறு மாதிரி. எந்தக் கட்டத்தில் யார் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஒழுங்கை அது சொல்லிக் கொடுக்கும். அடிப்படைத் தேர்வு 60 கேள்வி, ஒரு மணி நேரம். உங்கள் வாடிக்கையாளர் அந்த முறையில் ஆவணம் கேட்கிறவர் என்றால் எடுங்கள். நான் புரட்டிய கட்டுமானம், கப்பல் பட்டறை, வங்கி ஐடி வேலை விளம்பரங்களில் கேட்டிருந்தது பெரும்பாலும் பிஎம்பிதான்.

சரி, காசுக் கணக்கு. 2022-இல் தேர்வுக் கட்டணம் பிஎம்ஐ உறுப்பினருக்கு 405 அமெரிக்க டாலர், மற்றவர்களுக்கு 555. உறுப்பினராக 129 டாலர், முதல் முறை சேர்வதற்கு இன்னும் 10. கூட்டினால் 544. உறுப்பினராகச் சேர்ந்து எழுதினாலே 11 டாலர் மிச்சம், கூடவே பிஎம்ஐயின் திட்ட மேலாண்மைக் கையேடான பிஎம்பாக்கின் மின்பிரதியும் வரும். மறுதேர்வு என்றால் உறுப்பினருக்கு 275, மற்றவருக்கு 375. என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த வரி முக்கியம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று முறை வரை எழுதலாம். கட்டணத்தை அவ்வப்போது ஏற்றுகிறார்கள், அதனால் பதியும் நாளில் இதே கூட்டலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தேர்வுச் செலவு எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் படிப்புச் செலவில்தான் வரும்.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது சனிக்கிழமை வகுப்பு. ஐந்து சனிக்கிழமை, நாளுக்கு ஏழு மணி நேரம், மொத்தம் 35. நிரந்தரவாசி என்பதால் பாதி மானியம் கிடைத்தது. சிங்கப்பூரில் வகுப்பைத் தேர்ந்தெடுக்க இதுதான் பெரிய காரணம், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. மானியம் உள்ள வகுப்பு என்றால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் நன்றாகவே குறையும். 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்குக் குறிப்பிட்ட வகுப்புகளில் 90 சதவீதம் வரைகூடக் குறையலாம். மிச்சத்துக்கு சிங்கப்பூரர்கள், பயிற்சிக்காக அரசாங்கம் கணக்கில் போட்டிருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம். 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி வந்திருக்கிறது. அது எல்லா வகுப்புக்கும் செல்லாது, உங்கள் வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பார்க்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு மானியம் உண்டு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடையாது. தொழிற்சங்க உறுப்பினர் என்றால், அவர்கள் ஏற்றுக்கொண்ட வகுப்பாக இருந்தால், தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியின் யுடாப் திட்டத்தில் உங்கள் கைக்காசில் பாதி திரும்பி வரும், வருடத்துக்கு 250 வெள்ளி வரை. 40 வயதானவர்களுக்கு அதைவிட அதிகமாகவும் கிடைத்திருக்கிறது. வேலை அனுமதியில் இருக்கிறவர்களுக்கு மானியமும் இல்லை, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் இல்லை, முழுக் கட்டணம்தான். நம் ஆட்களில் நிறையப் பேர் அந்தக் கணக்கில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சிங்கப்பூரர் ஒருவர் 'வகுப்பு ரொம்ப மலிவு' என்று சொன்னால் அவருடைய மலிவு உங்களுக்கு மலிவாக இருக்காது.

மானியத்தோடு ஒரு கயிறும் வரும். வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தால் மானியம் போய்விடும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, அரசாங்கத்தின் அடையாளச் செயலியான சிங்பாஸில் கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, எனக்கு வகுப்பிலிருந்து கிடைத்த பெரிய லாபமே அதுதான். சைட்டிலிருந்து போன் வந்தாலும் எழுந்து போக முடியவில்லை. வீட்டிலிருந்து படித்திருந்தால் முதல் சனிக்கிழமையே முஸ்தஃபா சென்டருக்குச் சாமான் வாங்கப் போயிருப்பேன்.

பாடம் எப்படி இருந்தது? நான் போன இடத்தில் சுமார்தான். பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர், அனுபவசாலி. ஆனால் அவர் கையில் இருந்த ஸ்லைடுகள் பழசு. பிஎம்பாக் கையேட்டின் ஆறாம் பதிப்பில் இருந்த 49 செயல்முறைகளைக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதிலேயே இரண்டு சனிக்கிழமை போனது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டு 12 கொள்கைகளைப் பேசியது. தேர்வும் ஆஜைல் பக்கம் பாதி சாய்ந்திருந்தது. ஆஜைலுக்கு எங்கள் வகுப்பில் கிடைத்தது கடைசி நாள் மதியம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்க நேரம். இதை அந்த நிலையத்தின் குற்றமாக மட்டும் சொல்ல மாட்டேன். சேரும்போது நான் கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்வியைக் கேட்கவில்லை: பாடப்பொருள் எந்த வருடத்துத் தேர்வு வரைவை ஒட்டியது? நீங்கள் பிஎம்ஐயின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பங்காளியா? பிஎம்ஐ தயாரித்த பாடப்பொருளை வைத்து நடத்த அந்தப் பங்காளிகளுக்குத்தான் உரிமை. பங்காளி இல்லாத இடம் என்பதாலேயே மோசம் என்றில்லை, ஆனால் பதில் எப்படி வருகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

'முதல் முறையே தேர்ச்சி உத்தரவாதம்' என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். நான் விசாரித்தவரை, தேறாவிட்டால் வகுப்பில் இன்னொரு முறை இலவசமாக உட்காரலாம் என்பதுதான் அதன் பொருள். இன்னொரு 35 மணி நேரம் அதே ஸ்லைடுகள்! அதுவா உத்தரவாதம்? தேர்வுக் கட்டணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

வகுப்பில் எனக்குக் கிடைத்த இன்னொரு நல்ல விஷயம் மதியச் சாப்பாடு. மருத்துவமனை ஒன்றின் ஐடி பிரிவில் இருந்த ஓர் அக்கா, வங்கியில் இருந்த ஒரு சீன நண்பர், நான். மூவரும் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசும்போதுதான், ஆஜைலில் ஸ்பிரின்ட் என்கிற ஒரு குறுகிய சுற்று முடிந்ததும் நடக்கும் ஸ்பிரின்ட் ரிவியூவில் உண்மையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. குழாயும் கேபிளும் போடுகிறவனுக்கு அது வேறு உலகம். அக்கா ஒரு தே ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வைத்துக்கொண்டு, டிஷ்யூ பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கை விளக்கினார். மேலே இருப்பது முதலில் போகும், வாடிக்கையாளர் மனசு மாறினால் அடுக்கு மாறும், அவ்வளவுதான். ஸ்லைடில் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது, டிஷ்யூ பாக்கெட் நினைவிருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஜூமில் நடத்தும் நேரடி வகுப்புகள் அடுத்த வழி. கட்டணம் இங்கே இருப்பதைவிடக் குறைவு, வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். மானியம் இல்லாததால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தொல்லை கடிகாரத்தில்தான். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே 10:30. பன்னிரண்டரைக்கு முடியும் வகுப்பைக் கேட்டுவிட்டு ஆறு மணி ரயிலைப் பிடிக்கிறவர்கள் இரண்டாவது வாரத்திலிருந்து கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். வார இறுதியில் காலை வகுப்பு கிடைத்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

மூன்றாவது, யூடெமி மாதிரி தளங்களில் பதிவுசெய்து வைத்திருக்கும் வீடியோக்கள். தள்ளுபடி நாளில் இருபது வெள்ளி சொச்சத்துக்குக் கிடைக்கும், தள்ளுபடி இல்லாத நாள்தான் அபூர்வம். முடிவில் மதிப்பீடு உள்ள 35 மணி நேர வகுப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழை பிஎம்ஐ ஏற்றுக்கொள்கிறது. இதை நம் ஆட்கள் பலர் நம்புவதில்லை. 'இருபது வெள்ளிச் சான்று செல்லுமா?' என்று சந்தேகப்பட்டு ஆயிரத்துக்கு மேல் கொடுத்துச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். செல்லும். பாடமும் பல சமயம் நன்றாகவே இருக்கிறது, தேர்வு மாறினால் வீடியோவும் சீக்கிரம் மாறிவிடுகிறது. ஒரே சிக்கல், உங்களை யாரும் பிடித்து உட்கார வைக்க மாட்டார்கள். 1.5 வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே சமைப்பதும் துணி மடிப்பதும் படிப்பாகாது. 35 மணி நேரம் ஓடி முடிந்திருக்கும், தலையில் எதுவும் ஏறியிருக்காது.

இதுவரை சொன்ன மூன்றும் 35 மணி நேரத்தை வாங்கும் வழிகள்தான். தேர்வில் தேறுவது வேறு வேலை. அது எனக்கு ஃபெயில் ஆன பிறகுதான் உறைத்தது. ஒரு கேள்வியை இங்கேயே பிரித்துப் பார்க்கலாம். நானே எழுதியதுதான், ஆனால் தேர்வில் வருவதன் சாயல் இது.

குளிரூட்டிக் குழாய் போடும் மேற்பார்வையாளருக்கும் மின்வேலை மேற்பார்வையாளருக்கும் யார் முதலில் கூரைக்குள் போவது என்று தகராறு. மூன்று நாளாக வேலை நிற்கிறது. திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அ: திட்டத்துக்குப் பணம் போடும் மேலிடத்துக்குத் தெரிவிப்பது. ஆ: இருவரில் ஒருவரை மாற்றச் சொல்லி எழுதுவது. இ: இருவரோடும் உட்கார்ந்து பேசிப் பிரச்சினையின் வேரைத் தெரிந்துகொள்வது. ஈ: அட்டவணையைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்புவது.

சைட்டில் நான் என்ன செய்வேன்? பாதியில் நிற்கும் கூரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே 'பிளீஸ் எக்ஸ்பெடைட்' என்று எழுதி, பாஸையும் கன்சல்டன்டையும் டேக் செய்வேன். அதாவது அ. இந்த ஊரில் வேலை பார்த்த எவருக்கும் அது இயல்பு. மேலே சொல்லி வைத்துவிட்டால் நாளைக்கு நம் தலை உருளாது. தேர்வுக்கு விடை இ. திட்ட மேலாளர் தன் கைக்குள் இருக்கும் பிரச்சினையைத் தானே ஆராய்ந்து, குழுவை வைத்தே தீர்க்கப் பார்க்க வேண்டும், முடியாதபோதுதான் மேலே போக வேண்டும் என்பது அவர்கள் மனப்போக்கு. நான் அட்டவணையைப் படித்திருந்தேன், சூத்திரம் படித்திருந்தேன், இந்த மனப்போக்கை மட்டும் படிக்கவில்லை.

இன்னொன்று. வாடிக்கையாளர் சைட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பேனலை அந்தச் சுவருக்கு மாற்றிவிடுங்களேன்' என்கிறார். நாம் 'கேன், கேன்' என்று தலையாட்டிவிட்டு, பிறகு விஓ பணத்துக்கு, அதாவது அந்தக் கூடுதல் வேலைக்கான பணத்துக்கு, ஆறு மாதம் அலைவோம். தேர்வில் முதல் வேலை அந்த மாற்றத்தால் நேரம், செலவு, தரம் எவ்வளவு பாதிக்கும் என்று பார்ப்பது, அப்புறம்தான் மாற்றக் கோரிக்கை. கேள்வியில் 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று ஒரு சொல் சேர்ந்தால் விடை மாறிவிடும்: திட்டத்தைத் திருத்து, உரியவர்களுக்குச் சொல். கேள்வியில் 'ஸ்பிரின்ட்' என்ற சொல் வந்தால் மறுபடி மாறும்: ப்ராடக்ட் ஓனரிடம் பேசச் சொல், அவர் பேக்லாக்கில் எங்கே வைப்பது என்று முடிவு செய்வார். காட்சி ஒன்று, விடை மூன்று. 'முதலில்' என்று கேட்கிறார்களா 'அடுத்து' என்று கேட்கிறார்களா என்பதும் அதே மாதிரி ஆளைக் கவிழ்க்கும்.

இதைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கேள்விகளைச் செய்து, தப்பு விட்டு, ஏன் தப்பு என்று பார்த்துத்தான் வரும். இங்கேதான் நான்காவது வழியான கேள்வி வங்கி வருகிறது. 2022-இல் பிஎம்ஐயே ஸ்டடி ஹால் என்ற ஒன்றைக் கொண்டு வந்தது. அடிப்படைச் சந்தாவிலேயே முழு நீள மாதிரித் தேர்வுகள் உண்டு. கேள்விகளை எளிது, நடுத்தரம், கடினம், மிகக் கடினம் என்று பிரித்திருப்பார்கள். மிகக் கடினம் என்று இருப்பவற்றில் சிலவற்றின் விடையை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றில் விழுந்தால் மனம் உடைய வேண்டாம், உண்மைத் தேர்வு அவ்வளவு வக்கிரம் இல்லை. நான் வகுப்புக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் இதற்குச் செலவானது, தேற வைத்தது இதுதான். வாட்ஸ்அப்பில் 'ஒரிஜினல் கேள்விகள்' என்று சுற்றும் பிடிஎஃப் கோப்புகளைத் தொட வேண்டாம். தேர்வுக்கு முன் நீங்கள் ஒத்துக்கொள்ளும் விதிகளுக்கே அது எதிரானது, பிடிபட்டால் சான்றிதழ் போய்விடும். அதைவிட, பாதி விடைகள் தப்பு.

என் இரண்டாவது முயற்சி ரயிலில்தான் நடந்தது. ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்ட், அங்கே மாறி துவாஸ் லிங்க், ஒரு மணி நேரத்துக்கு மேல். போகும்போது இருபது கேள்வி. திரும்பும்போது அதில் தப்பானவற்றின் விளக்கம். வீட்டில் ஒரு நோட்டு. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் ஒன்று எழுத வேண்டும்: 'தெரியாது', 'அவசரம்', 'ஆபீஸ் பழக்கம்'. மூன்று வாரத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் 'ஆபீஸ் பழக்கம்'. 'தெரியாது' என்பது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மறுபடி வகுப்புக்குப் போயிருந்தால் அந்த விரல் விட்டு எண்ணும் அளவைத்தான் சரி செய்திருக்கும். ஞாயிறுகளில் தோ பாயோ நூலகத்தில் முழு மாதிரித் தேர்வு. அலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, 60-ஆவது கேள்விக்குப் பிறகும் 120-ஆவதுக்குப் பிறகும் உண்மைத் தேர்வு மாதிரியே எழுந்து நடப்பேன். இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது என்பதை உடம்பு பழக வேண்டும். சூத்திரங்களை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். முடித்த வேலையின் மதிப்பு 80,000 வெள்ளி, செலவானது 100,000 என்றால் செலவுக் குறியீடு 0.8, காசு கையை மீறிப் போகிறது. இந்த அளவுக்குப் புரிந்திருந்தால் எனக்கு வந்த கேள்விகளுக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கே எழுதுவது என்பதும் ஒரு முடிவுதான். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். மையத்தில் அழித்து எழுதும் பலகை தருவார்கள், பை லாக்கருக்குள் போய்விடும், மற்ற கவலை இல்லை. வீட்டில் மேசை காலியாக இருக்க வேண்டும், காகிதம் கூடாது, யாரும் அறைக்குள் வரக் கூடாது, வாய் விட்டுப் படிக்கவும் கூடாது. கேள்வியை முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதனாலேயே இரண்டு முறையும் மையத்துக்குப் போனேன். வீட்டில் எழுத நினைக்கும் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. லீவு போட்டுவிட்டு வார நாள் பகலில் தேர்வை வைத்துக்கொள்வதுதான் இந்த ஊரில் மிக மோசமான நேரம்.

பேர் விஷயம் நம்மவர்களுக்கே உள்ள தனித் தலைவலி. பிஎம்ஐ கணக்கில் இருக்கும் பெயரும் தேர்வன்று காட்டும் அடையாள ஆவணத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை விரிக்கலாமா, அப்பா பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போடலாமா, இங்கே பிறந்தவர்கள் பெயருக்கு நடுவில் வரும் 'எஸ்/ஓ'வை (இன்னாரின் மகன்) என்ன செய்வது என்று கடைசி வாரத்தில் முழிக்காதீர்கள். கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் நாளே பதியுங்கள். விண்ணப்பம் தணிக்கைக்குத் தேர்வானால் படிப்புச் சான்றின் நகலும், அனுபவத்துக்குப் பழைய மேலதிகாரிகளின் உறுதியும் கேட்பார்கள். அவர்களில் ஒருவர் இப்போது திருச்சியிலும் இன்னொருவர் தோஹாவிலும் இருக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வணக்கம் சொல்லி வைப்பது நல்லது.

இனி யார் எதை எடுப்பது? 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால் வகுப்புக்குப் போங்கள். காசு பெரிதாகப் போகாது, வருகைக் கட்டாயம் உங்களை உட்கார வைக்கும். ஆனால் வகுப்பு முடிந்ததும் படிப்பு முடிந்தது என்று நினைக்காமல், கேள்வி வங்கிக்கு இன்னொரு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். நிரந்தரவாசி என்றால் வகுப்புக்கும் வீடியோவுக்கும் நடுவில். கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் வகுப்பு, எத்தனை மாதம் வேலையை விட முடியாது என்று பாண்ட் எழுதச் சொல்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கைக்காசு என்றால், இன்றைக்கு நான் வீடியோவைத்தான் எடுப்பேன். டிப்ளமா முடித்து மேற்பார்வையாளராக இருக்கிறவர்கள் முதலில் அந்த 60 மாதத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அனுபவம் எண்ணிக்கையில் தேறாமல் வகுப்புக்குப் பணம் கட்டினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரத் தம்பி. வயது 31, வேலை அனுமதி, சாங்கி பிசினஸ் பார்க்கில் ஐடி. ஆஜைல் அவருக்கு அன்றாடச் சோறு, வாடிக்கையாளரின் மாற்றக் கோரிக்கைதான் பழக்கமில்லை. வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருபது வெள்ளி வீடியோ, ஸ்டடி ஹால், ஒரு நோட்டு. வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேட்டதற்கு 'பதினைந்து' என்றார். நான் எட்டு என்று எழுதிக்கொண்டேன், அட்டவணையை மூன்று மாதத்துக்குப் போட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேக்காவில் சாப்பிடும்போது நோட்டைக் கொண்டு வருகிறார். அவர் நோட்டிலும் 'ஆபீஸ் பழக்கம்' நிறைய, ஆனால் அது வேறு பழக்கம். எதற்கெடுத்தாலும் ஒரு மீட்டிங் போடுகிறார்.

தேர்வை வீட்டிலேயே எழுதப் போகிறாராம், அடுத்த மாதம் ஞாயிறு மாலைக்குப் பதிந்திருக்கிறார். மேல் வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தாலும் ஞாயிறு டிரில் ஓடாது என்று நான் சொன்ன கணக்குத்தான். அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது: ஞாயிறு என்றால் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் இருக்கலாம், கல்யாணம் என்றால் ஒலிபெருக்கியும் இருக்கும். அவர் இருப்பது மூன்றாவது மாடி. கீழே லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.